கவுன்ட்டரில் 'ஜீரோ டாலர்' பில்: கருத்தடையை இலவசமாக்கிய கனடா மாகாணத்தில் என்ன மாறியது?

கனடாவின் மேற்குக் கோடியில் இருக்கிறது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அங்கே ஒரு பெண் மருந்துக்கடைக்குப் போய், மருந்துச் சீட்டையும் மாகாண சுகாதார அட்டையையும் நீட்டினால், கருத்தடை மாத்திரைக்கு அவர் கட்ட வேண்டிய தொகை பூஜ்ஜியம். 2023 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. ஏப்ரல் 1 என்றாலும் ஏமாற்று வேலை இல்லை!

மாத்திரை மட்டுமல்ல. கருத்தடை ஊசி, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, ஹார்மோன் வெளியிடும் ஐ.யு.டி., கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட், அவசர கருத்தடை மாத்திரை என எல்லாமே பட்டியலில் உண்டு. வயது வரம்பு இல்லை. சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணம் ஆயிடுச்சா என்ற கேள்வியும் கிடையாது. மாகாண மருத்துவத் திட்டத்தில் பதிவு செய்திருந்தால் போதும். கனடாவில் முதன்முதலாக இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்த மாகாணம் இதுதான்.

"மாத்திரை என்ன பெரிய விலையா? இதுக்கு எதுக்கு அரசாங்கப் பணம்?" என்று தோன்றலாம். அந்தக் கேள்விக்கான பதில் இரண்டு வருஷம் கழித்து வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. அதற்கு முன்னால், வேறொரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

கனடாவில்தான் எல்லாமே இலவசமாச்சே?

இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் நிறைய பேர் ஏமாறும் இடம் இது. கனடாவில் டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்கக் காசு இல்லை, ஆபரேஷனுக்கும் காசு இல்லை. ஆனால் டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி மருந்துக்கடைக்கு வந்துவிட்டால், அது உங்கள் பாடு. அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு தரும் வளர்ந்த நாடுகளில், மருந்துக்கு மட்டும் அதைத் தராத நாடு கனடா என்ற விமர்சனம் பல பத்தாண்டுகளாக உண்டு.

அந்த ஓட்டையை நிரப்புவது பெரும்பாலும் வேலை செய்யும் கம்பெனி கொடுக்கும் தனியார் இன்ஷூரன்ஸ். நல்ல வேலை இருந்தால் நல்ல கவரேஜ். பகுதிநேர வேலை, ஒப்பந்த வேலை, கடை வேலை என்றால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மாகாண அரசுகள் முதியோர், ஏழைகள் போன்ற பிரிவினருக்கு மருந்துத் திட்டம் நடத்துகின்றன.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. ஆண் வாசெக்டமி செய்துகொண்டால் அது சிகிச்சை, எனவே மாகாண மருத்துவக் காப்பீட்டில் இலவசம். பெண் மாத்திரை சாப்பிட்டால் அது மருந்து, எனவே சொந்தச் செலவு. இலவசக் கருத்தடைக்காகப் பிரசாரம் செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது இதைத்தான். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் காப்பர் டி இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, கனடாவில் அதற்கு பில் வருவது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

25 டாலர் வேறு, 500 டாலர் வேறு

பிரிட்டிஷ் கொலம்பியா அரசு திட்டத்தை அறிவித்தபோது சொன்ன விலைகள் இவை. (எல்லாம் கனடா டாலர்.) மாத்திரைக்கு மாதம் சுமார் 25 டாலர். ஊசிக்கு வருஷத்துக்கு 180 டாலர் வரை. ஐ.யு.டி.க்கு 75 முதல் 500 டாலர் வரை. மாதம் 25 டாலர் வீதம் மாத்திரை வாங்கும் ஒரு பெண், வாழ்நாளில் 10,000 டாலர் வரை மிச்சம் பிடிக்கலாம் என்றது அரசு. சும்மா சொல்லவில்லை. வருஷத்துக்கு 300 டாலர், முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே என்று போட்டால் அந்தத் தொகை வந்துவிடும்.

ஆனால் அந்தப் பத்தாயிரத்தைவிட முக்கியமானது, இந்தப் பணத்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பது. மாத்திரைக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஐ.யு.டி. ஒரு தடவை வைத்தால் வகையைப் பொறுத்துப் பல வருஷங்களுக்குத் தாங்கும். கணக்குப் பார்த்தால் மாத்திரையைவிட மலிவு. ஆனால் 400, 500 டாலரை முதல் நாளே எடுத்து வைக்க வேண்டும். வாடகை கட்டியது போக மாசக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாத ஒருவருக்கு, நீண்டகாலத்தில் லாபமான பொருள் எப்போதும் எட்டாத தூரத்தில்தான் இருக்கும். தவணையில் போன் வாங்கும் தலைமுறைக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

இது வெறும் பணக் கணக்கும் இல்லை. மாத்திரை தினமும் ஞாபகமாகச் சாப்பிட வேண்டிய விஷயம். மனிதர்கள் மறப்பார்கள். நடைமுறையில் மாத்திரை பயன்படுத்தும் 100 பெண்களில் சுமார் 7 பேர் முதல் ஒரு வருஷத்துக்குள் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையை மட்டும் நம்பினால் சுமார் 13 பேர். ஐ.யு.டி., இம்ப்ளான்ட் இரண்டிலும் அது ஒன்றுக்கும் குறைவு. அதாவது எந்த முறை மிக நம்பகமானதோ, அதற்குத்தான் கையிலிருந்து ஒரே அடியாக அதிகப் பணம் போக வேண்டியிருந்தது.

கடிதம் எழுதியே காரியம் சாதித்தவர்கள்

இந்தத் திட்டம் அரசுக்குத் தானாகத் தோன்றியதல்ல. மாகாணத் தலைநகரான விக்டோரியாவில் 2017-ல் 'ஆக்ஸஸ் பிசி' என்ற சிறு தன்னார்வக் குழு தொடங்கியது. டீல் ஃபெல்ப்ஸ் பாண்டரோஃப் அதன் நிறுவனர்களில் ஒருவர். கோரிக்கை ஒன்றே ஒன்று: சீட்டு எழுதி வாங்கும் கருத்தடை எல்லாம், எல்லோருக்கும் இலவசம். எம்.எல்.ஏ.க்களுக்கும் அமைச்சர்களுக்கும் கடிதம், மறுபடி கடிதம், மேலும் கடிதம். இதுதான் அவர்களின் முக்கிய ஆயுதம்.

அவர்கள் கையில் ஒரு கணக்கும் இருந்தது. 'ஆப்ஷன்ஸ் ஃபார் செக்ஷுவல் ஹெல்த்' என்ற அமைப்புக்காக 2010-ல் தயாரிக்கப்பட்ட மதிப்பீடு அது. கருத்தடையை இலவசமாக்கினால் மாகாண அரசுக்கு வருஷத்துக்கு 95 மில்லியன் டாலர் வரை மிச்சமாகும் என்றது. திட்டமிடாத கர்ப்பம் குறைந்தால் பிரசவம், கருக்கலைப்பு, சமூக நலத் திட்டங்கள் ஆகியவற்றின் செலவு குறையும் என்பதுதான் அதன் அடிப்படை. இந்த மாதிரி 'மிச்சக் கணக்கு'களைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பது நல்லது. எதையெல்லாம் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆனால் நிதியமைச்சரிடம் பேச அதைவிட நல்ல மொழி வேறு இல்லை.

2020 மாகாணத் தேர்தலில் என்.டி.பி. கட்சி இதை வாக்குறுதியாக்கியது, ஜெயித்தது. அடுத்த இரண்டு பட்ஜெட்களில் எதுவும் வரவில்லை. கடிதங்கள் தொடர்ந்தன. 2023 பிப்ரவரி 28 அன்று நிதியமைச்சர் கேட்ரின் கான்ராய் தாக்கல் செய்த பட்ஜெட்டில்தான் மூன்று வருஷத்துக்கு 119 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூனில் இன்னொரு மாற்றமும் வந்தது. கருத்தடைக்கான சீட்டை மருந்துக்கடையில் இருக்கும் ஃபார்மசிஸ்ட்டே எழுதிக் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். குடும்ப மருத்துவர் கிடைக்காமல் ஏராளமானோர் காத்திருக்கும் மாகாணத்தில், இது இலவசத்துக்குச் சமமான சலுகை.

ஆய்வு காட்டிய ஆச்சரியம்

இலவசமாக்கியதும் மருந்துக்கடைகளில் கூட்டம் அலைமோதியதா? அப்படி நடக்கவில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாரா ஷம்மர்ஸ் தலைமையிலான குழு 2025-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மாகாணத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள சுமார் 8.6 லட்சம் பெண்களின் மருந்துக்கடைத் தரவு அதில் அலசப்பட்டது. திட்டம் வந்து 15 மாதங்களில் என்ன நடந்தது, வராமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பிற மாகாணங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

சீட்டு எழுதி வாங்கும் கருத்தடையின் மொத்த விநியோகம் சுமார் 4 சதவீதம்தான் கூடியிருந்தது. ஆனால் ஐ.யு.டி., இம்ப்ளான்ட் போன்ற நீண்டகால முறைகள் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தன.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கருத்தடை தேவைப்பட்ட பெண்களில் பெரும்பாலானோர் எப்படியோ 25 டாலரைப் புரட்டி மாத்திரை வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். விலை அவர்களை முற்றிலுமாகத் தடுக்கவில்லை. எந்த முறை என்பதை மட்டும், அவர்களுக்குப் பதிலாக, அதுவே முடிவு செய்துகொண்டிருந்தது. அவர்களில் பலரும் ஒரு காலத்தில் "எனக்கு மாத்திரையே போதும்" என்று சொல்லியிருக்கக்கூடும்.

இந்த ஆய்வு பார்த்தது மருந்துக்கடை விநியோகத்தை மட்டும்தான் என்பதையும் சொல்ல வேண்டும். திட்டமிடாத கர்ப்பங்கள் எவ்வளவு குறைந்தன என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

விலையை எடுத்துவிட்டால் தேர்வு மாறும் என்பதற்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் முன்னுதாரணம் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் 2007 முதல் 2011 வரை நடந்த 'சாய்ஸ்' என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் 9,256 பெண்கள் சேர்ந்தார்கள். எல்லா முறைகளையும் விளக்கிச் சொல்லி, எதை எடுத்தாலும் இலவசம் என்றபோது, சுமார் 75 சதவீதம் பேர் நீண்டகால முறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது தனியார் நன்கொடையில் நடந்த ஆராய்ச்சி, சேர்ந்தவர்கள் விருப்பப்பட்டு வந்தவர்கள். கொலராடோ மாநிலத்திலும் 2009 முதல் தனியார் நன்கொடையில் இப்படி ஒரு திட்டம் நடந்தது. அந்த நன்கொடை முடியும் கட்டத்தில் 2015-ல் அரசு நிதி கேட்ட மசோதா தோற்றது, அடுத்த ஆண்டுதான் பணம் ஒதுக்கினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்தது அப்படி அல்ல. மொத்த மாகாணத்துக்கும் வரிப்பணத்திலிருந்து வந்தது. அதனால்தான் அந்த ஒன்றரை மடங்குக்கு இவ்வளவு மதிப்பு.

பில்லை யார் பார்க்கிறார்கள்?

விலை தாண்டி இன்னொரு விஷயம் உண்டு. நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

"எங்க அப்பா கம்பெனி இன்ஷூரன்ஸ்ல நானும் இருக்கேன், அப்புறம் என்ன பிரச்னை?" பிரச்னை அதுதான். குடும்ப பாலிசியில் யார் பெயரில் திட்டம் இருக்கிறதோ, அவருக்குக் குடும்பத்தினரின் க்ளெய்ம் விவரம் தெரியவர வாய்ப்பு அதிகம். 20 வயது மாணவி மாத்திரை வாங்கினால், அது அப்பாவின் ஆன்லைன் கணக்கில் ஒரு வரியாக வந்து நிற்கலாம். கணவருக்குத் தெரியாமல் கருத்தடை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணுக்கும் அதே கதை. இன்ஷூரன்ஸ் இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் கைக்காசு கொடுப்பவர்கள், அல்லது வாங்காமலே திரும்புகிறவர்கள், எந்தக் கணக்கெடுப்பிலும் 'இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள்' என்றுதான் பதிவாவார்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியா திட்டத்தில் அட்டை உங்களுடையது. நடுவில் அப்பாவும் இல்லை, கணவரும் இல்லை, கம்பெனி எச்.ஆரும் இல்லை. சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவிக்க அந்த மாகாணத்தில் குறிப்பிட்ட குறைந்தபட்ச வயதும் கிடையாது. விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தால் போதும். பெற்றோர்கள் சிலருக்கு இது நெருடலாகத்தான் இருக்கும்.

இலவசம் ஆனாலும் தீராதவை

பொருள் இலவசம், சரி. அதை வைப்பது யார்? ஐ.யு.டி. பொருத்தப் பயிற்சி பெற்ற டாக்டரோ நர்ஸோ வேண்டும். ஃபார்மசிஸ்ட் சீட்டு எழுதலாம், பொருத்த முடியாது. வான்கூவரில் இருப்பவருக்கு இருக்கும் வசதி வடக்கே மலைப்பகுதிச் சிறு ஊரில் இருப்பவருக்கு இல்லை. பட்டியலில் இல்லாத பிராண்டு வேண்டுமென்றால் வித்தியாசத்தைக் கையிலிருந்து கொடுக்க வேண்டிவரும். மாகாணத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் மருத்துவத் திட்டத்தில் சேர, வந்த மாதத்தின் மிச்ச நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. கனடாவில் 1892 முதல் 1969 வரை கருத்தடைப் பொருளை விற்பதும் விளம்பரம் செய்வதும் கிரிமினல் குற்றம். 1936-ல் ஒட்டாவா அருகே ஈஸ்ட்வியூவில், ஏழைப் பெண்களின் வீடு வீடாகப் போய்க் கருத்தடை பற்றிச் சொன்னதற்காக டொரோத்தியா பாமர் என்ற பெண் கைதானார். மாதக்கணக்கில் வழக்கு நடந்து, பொதுநன்மைக்காகச் செய்தார் என்று 1937 மார்ச்சில் விடுதலையானார். கேட்க நல்ல கதைதான். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் ஏ.ஆர். காஃப்மன் என்ற ரப்பர் ஆலை முதலாளி. ஏழைகள் குறைவாகப் பிள்ளை பெற வேண்டும் என்பது அவரது கவலை. அதே காலத்தில் ஆல்பர்ட்டாவில் 1928 முதல் 1972 வரை, 'தகுதியற்றவர்கள்' என்று அரசு வாரியம் முடிவு செய்த 2,800-க்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 1933 முதல் 1973 வரை அப்படி ஒரு சட்டம் இருந்தது. இந்தக் கொடுமைக்கு ஆளானவர்களில் பூர்வகுடிப் பெண்களும் உண்டு.

அதனால் "நீண்டகால முறை ஒன்றரை மடங்கு கூடிவிட்டது" என்று சொன்னதும், எல்லோரும் கை தட்டிவிட மாட்டார்கள். யார் யாருக்கு எதைப் பரிந்துரைத்தார்கள், எடுக்கச் சொன்னால் உடனே எடுத்துவிடுகிறார்களா என்ற கேள்விகள் வரும். வரவும் வேண்டும். ஒரே ஒரு முறையை மட்டும் இலவசமாக்காமல், மாத்திரை முதல் இம்ப்ளான்ட் வரை எல்லாவற்றையும் ஒன்றாக இலவசமாக்கியதன் அர்த்தம் இங்கேதான் புரியும்.

ஸ்கார்பரோவில் நிலைமை என்ன?

பிரிட்டிஷ் கொலம்பியாவைத் தொடர்ந்து மனிடோபா 2024 அக்டோபர் 1 முதல் இலவசமாக்கியது. அதே மாதம் 10-ம் தேதி ஒட்டாவாவில் மத்திய அரசின் 'ஃபார்மாகேர்' சட்டம் ஒப்புதல் பெற்றது. சிறுபான்மை லிபரல் அரசு, என்.டி.பி. ஆதரவுக்குக் கொடுத்த விலை அது. முதல் கட்டமாகக் கருத்தடைக்கும் சர்க்கரை நோய் மருந்துகளுக்கும் மாகாணங்களுக்கு மத்திய அரசு பணம் தரும். ஏற்கெனவே பெரும்பாலானோருக்குத் தனியார் காப்பீடு இருக்கும்போது இது வீண் செலவு என்று கன்சர்வேட்டிவ் கட்சி எதிர்த்து வாக்களித்தது.

சட்டம் வந்தால் போதாது; ஒவ்வொரு மாகாணமும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கனடாவில் சுகாதாரம் மாகாணங்களின் அதிகாரம். 2025 மார்ச்சுக்குள் பிரிட்டிஷ் கொலம்பியா, மனிடோபா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, யூகான் ஆகிய நான்கும் கையெழுத்திட்டன. மொத்தம் இருப்பது 13. ஏற்கெனவே சொந்தக் காசில் கருத்தடையை இலவசமாக்கியிருந்த பிரிட்டிஷ் கொலம்பியா, மத்திய நிதி வந்ததால் மிச்சமாகும் பணத்தை மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சைக்குத் திருப்பிவிடுவதாக அறிவித்தது. முன்னால் ஓடியவருக்குக் கிடைத்த போனஸ்!

கனடாத் தமிழர்களில் பெரும்பான்மையோர் வாழும் ஒன்டாரியோ அந்த நான்கில் இல்லை. ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டனில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இப்போது இருப்பது 'ஓஹிப் பிளஸ்' என்ற மாகாணத் திட்டம். 2018 ஜனவரியில் தொடங்கியபோது 24 வயது வரையுள்ள எல்லோருக்கும் மருந்து இலவசம். மாத்திரையும் அதில் அடக்கம். 2019 ஏப்ரலில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. தனியார் இன்ஷூரன்ஸ் இருந்தால், அரசுத் திட்டம் கிடையாது. அப்பாவின் கம்பெனி பாலிசியில் உங்கள் பெயர் இருந்தாலே போதும், நீங்கள் வெளியே. அந்த பாலிசி குறிப்பிட்ட மருந்துக்குப் பணம் தராவிட்டாலும் வெளியேதான். இங்கிருந்து படிக்கப் போகும் மாணவர்களுக்கு ஓஹிப் அட்டையே கிடையாது; கல்வி நிறுவனம் ஏற்பாடு செய்யும் காப்பீட்டில் மருந்துக்கு என்ன இருக்கிறது என்று சேரும்போதே கேட்டுவிடுவது உத்தமம்.

தனியார் காப்பீடு எதுவும் இல்லாதவருக்கு ஓஹிப் பிளஸ் கைகொடுக்கும். 25-வது பிறந்தநாள் அன்று அது முடிந்துவிடும். அன்றிலிருந்து மாத்திரைக்கு பில் வர ஆரம்பிக்கும், ஐ.யு.டி. வேண்டுமென்றால் முழுத் தொகையையும் அவரே கட்ட வேண்டும்.